பழைய சுவரை மூடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

சோழவந்தானில் என் அக்கா வீடு, கொடிக்கால் பக்கம். தாத்தா காலத்துக் காரை வீடு. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர். மேற்குச் சுவரை ஒட்டித்தான் கட்டில் கிடக்கும். சித்திரை, வைகாசியில் ராத்திரி பத்து மணிக்கும் அந்தச் சுவரிலிருந்து அனல் வந்துகொண்டே இருக்கும். "ஊருக்கெல்லாம் மராமத்து பார்க்கிறே, எனக்கு இந்த வெக்கைக்கு ஒரு வழி பண்ணேன்டா தம்பி" என்றாள்.

இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தேன். சுவரில் ஜி.ஐ. தகரச் சட்டம் அடித்து, நடுவில் இரண்டு அங்குலத் தெர்மகோல், மேலே ஜிப்சம் போர்டு, அதற்கு மேல் பெயிண்ட். பார்க்க லட்சணமாக இருந்தது. வெக்கையும் குறைந்தது. கார்த்திகை மாதம் அக்கா போன் செய்தாள். "சுவத்துக்குப் பின்னாடி என்னமோ நாறுதுடா. சின்னவனுக்கு இளைப்பு நிக்க மாட்டேங்குது."

போய்ப் போர்டைக் கழற்றினேன். சுவர் முழுக்கக் கரும்பூஞ்சை. கீழே மூன்றடி உயரத்துக்கு உப்பு பூத்து, பழைய காரை மாவு மாதிரி கொட்டியது. மேலே உத்திரத்தின் முனை சுவருக்குள் போகிற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், அரை அங்குலம் இறங்கியது. அதே சுவரில் ஒரு பழைய ரப்பர் வயர், தோல் உரிந்து, கரண்ட் ஓடிக்கொண்டிருந்த நிலையில். அதன் மேல்தான் நான் தெர்மகோலை வைத்து மூடியிருந்தேன்.

நான் கொத்தனார் மகன். இருபத்திரண்டு வருடமாக மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் பழைய வீடுகளைத்தான் பழுது பார்க்கிறேன். அந்தச் சுவரைத் தட்டிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை என்பது இன்றைக்கும் உறுத்துகிறது. இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைப் படிக்க ஒரு மாதமாவது கேட்கிறேன். சில சுவருக்கு ஒரு மழைக்காலமே வேண்டும். அந்த அவகாசத்தில் என்ன பார்க்கிறேன் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில், சுவர்தானா?

மதுரையில் சூரியன் வருடத்துக்கு இரண்டு தடவை நேர் உச்சிக்கு வரும். ஏப்ரல் நடுவில் ஒரு தடவை, ஆகஸ்ட் கடைசியில் ஒரு தடவை. அதனால் கோடை வெயிலில் பெரும் பங்கை வாங்குவது மொட்டை மாடிதான். சுவர்களில் கிழக்கும் மேற்கும் வாங்கும். தெற்கும் வடக்கும் ரொம்பக் குறைவு. நான்கு சுவருக்கும் வெக்கையைத் தடுக்கிற பலகை அடித்துக் கொடுங்கள் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் மாடிக்குத்தான் கூட்டிப் போவேன். தட்டோடு கறுத்துப் போய்க் கிடந்தால் அதைக் கழுவி வெள்ளையடித்தாலே கீழே வித்தியாசம் தெரியும். அது சுவரில் கை வைக்காத வேலை, ஆபத்தும் இல்லை.

மாடியில் கனம் ஏற்றுவது மட்டும் வேண்டாம். மர உத்திரத்தின் மேல் செங்கலை அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட பழைய தளத்தில், "மேலே இன்னொரு மூன்று அங்குலம் செங்கல் ஜல்லி போட்டால் குளிரும்" என்று ஆள் சொல்வார்கள். நூறு சதுர அடிக்கு அப்படிப் போட்டால் ஒரு டன்னுக்கு மேல் எடை கூடும். எண்பது, தொண்ணூறு வருடம் ஆன உத்திரத்திடம் அதைக் கேட்கக் கூடாது. பொறியாளர் ஒருவர் உத்திரத்தைப் பார்த்துச் சொல்லாமல் நான் செய்ய மாட்டேன்.

ஓதம்

பழைய காரை வீட்டைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும்: அந்தச் சுவர் தண்ணீரைக் குடிக்கும், பிறகு வெயிலிலும் காற்றிலும் அதை வெளியே விடும். இப்போது கட்டுகிற வீட்டில் அஸ்திவாரத்துக்கு மேல் ஓதம் ஏறாமல் ஒரு தடுப்புப் பட்டை போடுகிறோம். அந்தக் காலத்தில் பெரும்பாலும் அது கிடையாது. மண்ணிலிருக்கும் ஈரம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல மூன்றடி வரைக்கும் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையும் அதை ஆற விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினாலோ, பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தாலோ, பலகை வைத்து மூடினாலோ, போக வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். கூடவே உப்பையும் கொண்டு போகும். அக்கா வீட்டில் நடந்தது அதுதான்.

ஏ.சி. போட்ட அறை என்றால் இன்னொரு சிக்கல். வெளிக் காற்றில் இருக்கிற ஈரம் குளிர்ந்த பலகையின் முதுகுப் பக்கம் வந்து வியர்க்கும். செம்பில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வைத்தால் வெளியே முத்து முத்தாக வருமே, அது உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கும்.

சோதிக்கச் செலவே இல்லை. இரண்டடிக்கு இரண்டடி தடித்த பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குள், சுவர்ப் பக்கம் நீர்த்துளி நின்றால் சுவரில் ஈரம் இருக்கிறது. தாளின் மேல், அறைப் பக்கம் நின்றால் அது அறைக் காற்றின் ஈரம். தரையிலிருந்து ஓரடியில் ஒன்று, நான்கடியில் ஒன்று, உத்திரத்துக்குக் கீழே ஒன்று என்று மூன்று இடத்தில் ஒட்டுங்கள். எப்போது ஒட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். பங்குனி, சித்திரையில் ஒட்டினால் எல்லாச் சுவரும் காய்ந்த சுவர்தான். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஒட்டிப் பாருங்கள். கோடையில் ஆள் பிடித்து அவசரமாக வேலையை முடிப்பவர்கள் எல்லோரும் தவறுவது இங்கேதான். நானும் இங்கேதான் தவறினேன்.

ஈரம் இருந்தால் அது வரும் வழியை முதலில் அடையுங்கள். பாதி வீடுகளில் காரணம் சின்னதாகத்தான் இருக்கும்: மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரோரம் உடைந்திருக்கும், ஏ.சி. தண்ணீர்க் குழாய் சுவரடியில் சொட்டும், தெருவை மேலே மேலே உயர்த்திப் போட்டதில் வீட்டுத் தரை பள்ளமாகிப் போயிருக்கும். சிமெண்ட் பூச்சு இருந்தால் உடைத்து எடுத்துவிட்டுச் சுண்ணாம்பில் பூசி, ஒரு மழைக்காலம் விட்டுப் பார்ப்பதுதான் நல்லது. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டுக் காரை அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், தேடிப் பிடியுங்கள். சுண்ணாம்பு வேலை நடக்கும்போது கண்ணாடி போடாமல் யாரையும் நிற்க விடாதீர்கள். கண்ணில் பட்டால் குழாயைத் திறந்து விட்டுக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிக்கொண்டே இருந்து, அப்புறம் நேரே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உத்திரம் சுவருக்குள் நுழைகிற முனையைத் தனியாகப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கினால், அல்லது கரையான் மண் கோடு தெரிந்தால், ஆசாரி வந்து பார்க்கும் வரை அந்தச் சுவரை மூட வேண்டாம். தெர்மகோலைக் கரையான் தின்று உயிர் வாழாது, ஆனால் அதைக் குடைந்துகொண்டு யாருக்கும் தெரியாமல் உத்திரம் வரைக்கும் போய்விடும்.

கரண்ட்

மதுரையில் மாசி வீதி, ஆவணி மூல வீதி சந்துகளிலும் சிம்மக்கல் பக்கமும் ஒரு பழைய வீட்டுக்கு மூன்று காலத்து வயரிங் இருக்கும். மரக்கட்டை மேல் கிளிப் அடித்து ஓட்டிய ரப்பர் வயர், பிறகு வந்த பி.வி.சி., அதன் பிறகு சுவரை வெட்டிப் புதைத்த குழாய். புதுசு போட்டபோது பழையதைக் கழற்றியிருக்க மாட்டார்கள். பாதிக்கு உயிர் இருக்கும்.

இதைவிட மோசமானது பாகம் பிரித்த வீடு. அண்ணன் பாதி, தம்பி பாதி என்று நடுவில் சுவர் எழுப்பி மீட்டரையும் இரண்டாக்கியிருப்பார்கள். வயர் மட்டும் பழைய வழியிலேயே ஓடும். உங்கள் மெயினை அணைத்துவிட்டு உளியை வைப்பீர்கள், சுவருக்குள் ஓடுவது பக்கத்துப் பாகத்துக் கரண்டாக இருக்கும். ஒரு வேலையில் என் சித்தாள் ஒருவரை அது தூக்கி எறிந்தது. சாரத்திலிருந்து விழுந்து கை முறிந்ததோடு போயிற்று. அதற்குப் பிறகு, பொதுச் சுவரில் வேலை என்றால் இரண்டு வீட்டு மெயினையும் அணைத்து, இரண்டு வீட்டு ஆளும் பக்கத்தில் நின்றால்தான் தொடங்குவேன். டெஸ்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்து, பிறகு சந்தேகமான இடத்தில் வைத்து, மறுபடியும் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மூடுவதற்கு முன்னால் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு இவ்வளவும் செய்யச் சொல்லுங்கள். உயிரில்லாத வயரை எல்லாம் கழற்ற வேண்டும். ரப்பர் வயர், துணி சுற்றிய வயர் எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. வயரின் தோல் கரண்டைக் கசிய விடாமல் தாங்குகிறதா என்று காட்டுகிற மெக்கர் என்ற கருவியை, 500 வோல்ட்டில், ஒவ்வொரு லைனுக்கும் வைத்து அளக்க வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டுகிற லைனை மாற்றியே தீர வேண்டும். எர்த் கம்பி எல்லாப் பாயிண்டுக்கும் வருகிறதா, எர்த் குழியில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பீங்கான் ஃப்யூஸை எடுத்துவிட்டு, லோடு கூடினால் தானே அணைகிற எம்.சி.பி.யும், கரண்ட் கசிந்தால் தானே அணைகிற 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போட வேண்டும்.

தெர்மகோல் போடுவதாக இருந்தால் இன்னொன்று. பி.வி.சி. வயரை வளையும்படி வைத்திருக்கிற எண்ணெய்ச் சத்தைத் தெர்மகோல் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். சில வருடத்தில் வயரின் தோல் விறைத்து வெடிக்கும். அதனால் வயர் தெர்மகோலைத் தொடவே கூடாது, குழாய்க்குள்தான் ஓட வேண்டும். மேலும், சுற்றிலும் பொதிந்து வைத்த வயர் தன் சூட்டை வெளியே விட முடியாது. ஏ.சி., கீசர் லைன்கள் தடுப்புக்குள் போகிறது என்றால் ஒரு சைஸ் பெரிய வயர் போட வேண்டுமா என்று வயர்மேனிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தீ

தெர்மகோல் நூறு டிகிரிக்கு முன்பே இளகிவிடும். தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், கரும்புகை தள்ளும். பி.யூ. (பாலியூரிதேன்) நுரை எரிந்தால் வருகிற புகையில் சயனைடு வாயு உண்டு. தீ தொடுவதற்கு முன்பே அந்தப் புகை ஆளை மயக்கிவிடும். 2017 ஜூனில் லண்டனில் கிரென்ஃபெல் என்ற 24 மாடிக் கட்டடத்தில் நாலாவது மாடிச் சமையலறை ஃப்ரிட்ஜில் பிடித்த தீ, வெளிச்சுவரில் ஒட்டியிருந்த தகடுகளையும் அதற்குப் பின்னாலிருந்த நுரைப் பலகைகளையும் பிடித்துக்கொண்டு உச்சி வரைக்கும் ஏறியது. 72 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்துக்குப் பலகை ஒட்டியது குளிரிலிருந்து காப்பதற்கும் அழகுக்கும்தான்.

நம் வீடுகளில் தீ எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அடுப்பங்கரை, பூஜை அறை, சுவரில் விளக்கு வைக்கிற மாடக்குழி, கார்த்திகைக்கு வரிசையாக அகல் வைக்கிற ஜன்னல் திண்டு. இந்தச் சுவர்களில் தெர்மகோலும் நுரையும் வேண்டவே வேண்டாம். பாறைக் கம்பளி என்கிற ராக்வூல் எரியாது, அதைப் போடலாம். ஆனால் நனைந்தால் வீண், வெறுங்கையால் தொட்டால் அரிக்கும். மற்ற அறைகளில் நுரைப் பலகை போட்டாலும், தீயை மட்டுப்படுத்தும் வகையா என்று கேட்டு வாங்குங்கள். பலகைக்கு மேல் ஜிப்சம் போர்டோ சிமெண்ட் போர்டோ கட்டாயம் வர வேண்டும். "இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும், போர்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று திறந்து விட்ட தெர்மகோல் சுவரை நான் பார்த்திருக்கிறேன். அந்த அறையில் கொசுவத்திச் சுருள் எரிந்துகொண்டிருந்தது.

வெக்கை வருகிறது என்று வென்டிலேட்டரை அடைப்பவர்களும் இருக்கிறார்கள். கேஸ் கீசர் இருக்கிற குளியலறையில் அதை அடைத்தால் கார்பன் மோனாக்சைடு நிறையும். வாசனை இருக்காது, குளிக்கப் போனவர் திரும்பி வர மாட்டார். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். அடுப்பங்கரையில் தரையோரம் இருக்கிற காற்று ஓட்டையைப் பலகை மறைத்துவிடக் கூடாது. கசிவு தெரிந்தால் 1906-க்குப் போன் செய்யுங்கள். சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்து நின்று பேசுங்கள்.

தூசி

பழைய வீட்டில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு தூசிகளுக்கு நான் பயப்படுகிறேன்.

ஒன்று ஆஸ்பெஸ்டாஸ், சிமெண்ட் சீட்டில் கலக்கிற கல்நார். பின்கட்டில் இறக்கிய சார்ப்பு, மாடியில் எழுப்பிய அறை, பழைய புகைக்குழாய், தண்ணீர்க் குழாய் இதிலெல்லாம் இருக்கும். சீட் உடையாமல் இருக்கிற வரைக்கும் தொந்தரவு குறைவு. துளை போடுவது, அறுப்பது, கம்பி பிரஷ் வைத்துத் தேய்ப்பது, இதில்தான் நார் தூசி பறக்கும். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. இன்றைக்கு மூச்சில் போனது இருபது, முப்பது வருடம் கழித்து நுரையீரலில் தெரியும். அதனால் சீட்டுக்குக் கீழே தெர்மகோல் தொங்கவிட வேண்டும் என்றால் சீட்டில் துளை போடாதீர்கள். சுவரிலோ தூணிலோ தனிச் சட்டம் கட்டி அதில் தொங்கவிடுங்கள். உடைந்த துண்டைத் தண்ணீர் தெளித்து நனைத்து, தடித்த பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். நொறுக்கிக் குழியில் கொட்டித் தரை நிரவுவது வேண்டாம். காய்ந்த விளக்குமாறு போடக் கூடாது, ஈரத் துணிதான். முகத்தில் கட்டுகிற துண்டு இந்தத் தூசிக்கு எதுவும் செய்யாது. நுண்தூசியைப் பிடிக்கிற பி-100 ஃபில்டர் வைத்த ரப்பர் மாஸ்க் வேண்டும். சீட்டின் மேல் ஏறி நடக்கவும் கூடாது. வெயிலில் வெந்த பழைய சீட் சொல்லாமல் உடையும். மரப் பலகை போட்டு, அதன் மேல்தான் ஆள் நிற்க வேண்டும்.

இன்னொன்று ஈயம். நிலை, கதவு, ஜன்னல் கம்பிகளில் அடுக்கடுக்காக ஏறிய பச்சை, மஞ்சள் எனாமல் பெயிண்ட். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல் என்றால் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். காய்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, நெருப்பு காட்டி உரிக்கவும் கூடாது. நனைத்துச் சுரண்டுங்கள். வேலை முடிகிற வரைக்கும் சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிப் பெண்களும் வேறு வீட்டில் இருக்கட்டும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைத் தொடுகிற விஷம்.

விரிசல், வயிறு தள்ளிய சுவர்

சுவரை மூடிவிட்டால் விரிசல் வளர்வது தெரியாது. விரிசலுக்குக் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றைப் பூச்சு வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுங்கள். மூன்று மாதத்தில் கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் கரிசல் மண். மழைக்கு வீங்கும், கோடைக்குச் சுருங்கும். அங்கே ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்க்காமல் சொல்ல முடியாது. பக்கத்து மனையில் புதிதாக அஸ்திவாரம் தோண்டுகிறார்களா என்றும் கவனியுங்கள்.

தூக்குக்குண்டு விட்டுச் சுவர் நேராக நிற்கிறதா பாருங்கள். நடுவில் வயிறு தள்ளியிருந்தால், சுத்தியல் காம்பால் தட்டும்போது பொத்தென்று சத்தம் வந்தால், அந்தச் சுவரின் முன் தோல் உள்ளேயிருந்து பிரிந்திருக்கிறது. அதில் சட்டம் அடித்துப் பாரம் ஏற்றக் கூடாது. நல்ல சுவரிலும் ஆணிக்குத் துளை போடும்போது மிஷினை அடிக்கிற மோடில் வைக்காமல் சுற்றுகிற மோடில் வைக்கச் சொல்லுங்கள். காரைச் சுவர் அதிர்ச்சி தாங்காது.

அக்கா வீட்டில் கடைசியில் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். போர்டு, தெர்மகோல் எல்லாம் எடுத்துவிட்டு, வயரை முழுக்க மாற்றி, உத்திர முனையை வெட்டி ஆசாரி புதுக் கட்டை சேர்த்தார். சுவரை ஒரு வருடம் ஆற விட்டுச் சுண்ணாம்பில் பூசினேன். வெளியே, மேற்குச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி மூங்கில் தட்டி நிறுத்தி, அதில் பீர்க்கங்கொடி ஏற்றிவிட்டோம். வெயில் சுவருக்கு வருவதற்கு முன்பே நின்றுவிடுகிறது, சுவருக்கும் தட்டிக்கும் நடுவில் காற்று ஓடுகிறது. ராத்திரி அனல் முன்பு மாதிரி இல்லை. சின்னவனுக்கு இளைப்பும் நின்றது.

உங்கள் வீட்டில் எல்லாச் சோதனையும் தேறிப் பலகை அடிக்கப் போகிறீர்கள் என்றால், அடிக்கிற அன்றைக்குக் காலையில் ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள். டேப்பை விரித்து வைத்து, வயர் எத்தனை அடி உயரத்தில் ஓடுகிறது, குழாய் எங்கே திரும்புகிறது, கண்ணாடி ஒட்டிய விரிசல் எங்கே இருக்கிறது என்று படத்தில் தெரிகிற மாதிரி. தரையிலிருந்து ஓரடிப் பலகையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஐப்பசி மழைக்குப் பிறகும் அதைக் கழற்றிக் கையை விட்டுப் பார்க்கலாம். படங்களை அச்சுப் போட்டு ஒரு கவரில் வைத்து மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிடுங்கள். அடுத்து அந்தச் சுவரில் உளி வைக்க வருகிற ஆள் முதலில் வந்து நிற்கிற இடம் அதுதான்.